புல்வாய்க்குப் புல் இல்லை!

கடல் கடந்து வந்த செடிகள், காட்டு மிருகங்களின் சாப்பாட்டைப் பறிக்கும் கதை

காஞ்சீபுரத்தில் மானைப் பார்க்கக் காட்டுக்குப் போக வேண்டியது இல்லை.

பட்டுச்சேலையை விரித்துப் பாருங்கள். கரையில் மயில் இருக்கும். அன்னம் இருக்கும். யானை இருக்கும். சில சேலைகளில் மானும் இருக்கும். சரிகையில் துள்ளும் மான்!

கோவிலுக்குப் போய்ப் பாருங்கள். சோமாஸ்கந்தராக அமர்ந்திருக்கும் சிவபெருமானுக்கு நான்கு கைகள். பின்கைகளில் ஒன்றில் மழு. மற்றொன்றில் மான்.

சேலையில் இருக்கும் மானுக்குப் புல் தேவை இல்லை. செப்புச் சிலையில் இருக்கும் மானுக்கும் தேவை இல்லை.

உயிருள்ள மானுக்குப் புல் வேண்டும். அந்தப் புல்தான் இப்போது குறைந்துகொண்டே போகிறது.

மழை பெய்யாததால் மட்டும் அல்ல. ஆடு மாடு மேய்ந்ததால் மட்டும் அல்ல. செடியால்!

ஆம். எங்கேயோ பிறந்த செடிகள் சில, நம் காடுகளுக்குள் புகுந்துவிட்டன. அவை புல்லை ஒழிக்கின்றன. புல்லை நம்பி இருக்கும் மான், காட்டெருமை, யானை எல்லாம் வயிற்றுப் பாட்டுக்குத் திண்டாடுகின்றன.

பெயரிலேயே புல்

தமிழ்நாட்டுக் காடுகளில் புள்ளிமான் உண்டு. கடமான் உண்டு. வெளிமானும் உண்டு.

இந்த வெளிமானுக்கு நம் முன்னோர் வைத்த பழைய பெயர் ஒன்று இருக்கிறது. "புல்வாய்" என்பது அந்தப் பெயர். தொல்காப்பியத்திலேயே அது வருகிறது.

புல் மேயும் வாய்! எவ்வளவு பொருத்தமான பெயர்!

"வெளிமான்" என்ற பெயரும் அப்படித்தான். மரங்கள் அடர்ந்த காட்டில் இது வாழாது. திறந்த வெளியில்தான் வாழும். வடமொழியில் இதைக் "கிருஷ்ணமிருகம்" என்பார்கள். வளர்ந்த ஆண் மானின் முதுகு கறுத்துவிடும். வயிறு வெள்ளையாக இருக்கும். திருகாணி போல முறுக்கிய கொம்புகள் நீண்டு நிற்கும். பெண் மான் பழுப்பு நிறம். அதற்குப் பெரும்பாலும் கொம்பு இல்லை.

வெளிமான் ஏன் வெளியிலேயே வாழ்கிறது?

அதற்குப் பாதுகாப்பு இரண்டு. ஒன்று, கண். மற்றொன்று, கால்.

தொலைவில் நாயோ நரியோ வந்தால் கண் பார்த்துவிடும். உடனே கால் பறக்கும். மணிக்கு சுமார் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடிய பிராணி இது. பஸ்கூட அவ்வளவு வேகத்தில் போவது அபூர்வம்!

ஆனால், கண்ணுக்கு முன்னே புதர் நின்றால்? எதிரி வருவது தெரியாது. காலுக்கு முன்னே முள் நின்றால்? ஓட முடியாது.

ஆகவே, புல்வெளியில் புதர் முளைத்தால் வெளிமானுக்கு இரண்டு வகையில் கேடு. சாப்பாடும் போகிறது. பாதுகாப்பும் போகிறது.

காஞ்சீபுரத்துப் பிள்ளைகள் உயிருள்ள வெளிமானைப் பார்க்க வேண்டும் என்றால், சென்னை கிண்டிக்குப் போகலாம். நகரத்தின் நடுவில் இருக்கிறது கிண்டி தேசியப் பூங்கா. அதன் பரப்பு 2.7 சதுர கிலோமீட்டர்தான். அங்கே புள்ளிமானும் இருக்கிறது. வெளிமானும் இருக்கிறது.

வேலிக்காத்தான் வந்த விதம்

வெளிமானின் வெளியைப் பறித்த செடிகளில் முதல் இடம் யாருக்கு?

நமக்கு நன்றாகத் தெரிந்த ஆள்தான். சீமைக்கருவேலம்! நம் பக்கத்தில் அதை "வேலிக்காத்தான்" என்றும் சொல்வோம். பாலாற்று மணலில் நிற்கிறது. வேகவதி ஓரத்தில் நிற்கிறது. தண்ணீர் வற்றிய ஏரிக்குள் நிற்கிறது. எங்கே பார்த்தாலும் அதுதான்.

ஆனால், அது நம் ஊர் மரம் அல்ல. அதன் தாய்நாடு மெக்சிகோவும், மத்திய அமெரிக்காவும், தென் அமெரிக்காவின் வட பகுதியும்.

அங்கே இருந்து இங்கே எப்படி வந்தது?

வெள்ளைக்காரர்கள் ஆண்ட காலம். சென்னை மாகாணத்தில் காட்டு அதிகாரியாக இருந்தவர் கர்னல் பெட்டோம். வறண்ட பூமியில் விறகு கிடைக்கவில்லை. மழை இல்லாவிட்டாலும் வளரும் மரம் ஒன்று வேண்டும் என்று அவர் நினைத்தார். 1876-ம் ஆண்டு, இந்த மரத்தின் விதை வேண்டும் என்று அரசாங்கத்துக்கு எழுதினார். ஜமைக்கா தீவில் இருந்து விதை வந்தது. 1877-ல் கடப்பா மாவட்டம் கமலாபுரத்தில் விதைத்தார்கள்.

கெட்ட எண்ணத்தோடு கொண்டு வரவில்லை. ஏழை வீட்டு அடுப்பு எரிய வேண்டும் என்றுதான் கொண்டு வந்தார்கள். அடுப்பும் எரிந்தது. இன்றும் ராமநாதபுரம் பக்கத்தில் எத்தனையோ குடும்பங்கள் இதை வெட்டிக் கரி மூட்டம் போட்டுப் பிழைக்கின்றன. அதை மறுக்க முடியாது.

ஆனால், விதைத்த இடத்தோடு அது நிற்கவில்லை.

இதன் வேர் மிக ஆழமாகப் போகும். வெட்டினால், அடிக்கட்டையில் இருந்து ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும். அதன் இலையில் ஊறிய நீர், மற்றச் செடிகளின் விதை முளைப்பதைத் தடுக்கும் என்று விஞ்ஞானிகள் கண்டிருக்கிறார்கள். போதாததற்குக் கிளைகள் கவிந்து, வெயிலையும் மறைத்துவிடும்.

வெயில் இல்லாத இடத்தில் புல் முளைக்குமா? முளைக்காது.

இலையையாவது மான் தின்னலாமே என்று கேட்கலாம். இலை கசப்பு. ஆடு மாடுகளே அதை விரும்புவது இல்லை. பச்சைப் பசேல் என்று காடு நிற்கும். ஆனால், அதில் ஒரு வாய் தீனி இருக்காது!

கோடியக்கரையில் நடப்பது என்ன?

இதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றால், கோடியக்கரைக்குப் போக வேண்டும்.

நாகப்பட்டினம் மாவட்டம் வேதாரண்யத்துக்குத் தெற்கே, கடலுக்குள் மூக்கு நீட்டியதுபோல இருக்கிறது கோடியக்கரை. வெளிமான்களைக் காப்பதற்காக 1967-ம் ஆண்டு அங்கே சரணாலயம் அமைத்தார்கள். தமிழ்நாட்டில் வெளிமான் கூட்டமாக வாழும் முக்கியமான இடங்களில் அது ஒன்று. மான்களோடு, எந்தக் காலத்திலோ மனிதர்கள் விட்டுப்போன குதிரைகளின் வாரிசுகளும் அங்கே சுதந்திரமாகத் திரிகின்றன.

அங்கேயும் புகுந்துவிட்டது சீமைக்கருவேலம்.

மான்கள் மேய்ந்த புல்வெளியில் முதலில் இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று முளைத்தது. பிறகு ஒன்றோடு ஒன்று கைகோர்த்துக்கொண்டது. வெளி சுருங்கிவிட்டது. மான் மேயும் இடம் குறைந்துவிட்டது.

"இந்த இடம் போனால் வேறு இடத்துக்கு மான் போகட்டுமே?" என்று தோன்றும்.

எங்கே போகும்? இரண்டு பக்கம் கடல். ஒரு பக்கம் உப்பளமும் சதுப்பும். மற்றொரு பக்கம் ஊரும் வயலும். கோடியக்கரை மானுக்கு இருப்பதே அந்தச் சின்ன இடம்தான்.

2018-ம் ஆண்டு நவம்பர் 16-ந்தேதி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. மரங்கள் சாய்ந்தன. வெளிமான்களும் மாண்டன. புயலை நம்மால் தடுக்க முடியாது. ஆனால், புயலில் பிழைத்த மானுக்குப் புல்லாவது இருக்க வேண்டும் அல்லவா? குட்டி போட்டுப் பெருகுவதற்குத் தீனி வேண்டும் அல்லவா?

அதனால்தான் காட்டு இலாகா, கோடியக்கரையில் சீமைக்கருவேலத்தைப் பகுதி பகுதியாக அகற்றும் வேலையைச் செய்கிறது.

ஈரோடு மாவட்டம் சத்தியமங்கலம் காட்டிலும் இதே தொல்லை. அங்கே மாயாற்றுப் பள்ளத்தாக்கில் வெளிமான்கள் இருக்கின்றன. சீமைக்கருவேலமும் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

எதிரியை விதைக்கும் மான்!

இனி வருவதுதான் இந்தக் கதையில் மிகவும் பரிதாபமான இடம்.

சீமைக்கருவேலத்தின் இலை கசக்கும் என்று சொன்னோம். ஆனால், காய் இனிக்கும்! பழுத்த காய் மஞ்சள் நிறத்தில் உதிர்ந்து கிடக்கும். கோடைகாலத்தில் புல் காய்ந்துவிட்ட நேரம். பசித்த மான் என்ன செய்யும்? காயைத் தின்னும்.

காயின் சதை செரித்துவிடும். உள்ளே இருக்கும் விதை செரிக்காது. அது கெட்டியான ஓடு போட்ட விதை. மானின் வயிற்றுக்குள் போய் வந்தால், அந்த ஓடு இளகிவிடும். புழுக்கையோடு வெளியே விழும்போது, முளைப்பதற்குத் தயாராக இருக்கும். கூடவே புழுக்கையும் எருவாகிவிடும்.

குஜராத் மாநிலத்தில் வேளாவதர் என்ற ஊர் இருக்கிறது. வெளிமானுக்காகவே அங்கே ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. அங்கே நடந்த ஓர் ஆராய்ச்சி 2013-ல் வெளிவந்தது. அதில் ஓர் ஆச்சரியமான செய்தி இருந்தது.

ஆண் வெளிமான்கள் ஜோடி சேரும் காலத்தில், திறந்த புல்வெளியில் ஆளுக்கு ஓர் இடம் பிடித்துக்கொள்ளும். "இது என் எல்லை" என்று காட்டுவதற்காக, ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் புழுக்கை போடும். அது குவியலாகிவிடும்.

அந்தக் குவியலுக்குள்ளே சீமைக்கருவேல விதைகள்!

மான் எந்த வெளியை மிகவும் விரும்புகிறதோ, எந்த இடத்தில் பெண் மானை எதிர்பார்த்து நிற்கிறதோ, அந்த இடத்திலேயே தன் எதிரியைத் தானே விதைக்கிறது. அது தெரியாமல் செய்கிறது. தெரிந்தாலும் அதற்கு வேறு வழி இல்லை. பசி!

இதில் மனிதர்களுக்கும் ஒரு பாடம் உண்டு. இந்தச் செடியைக் காடு தானாகச் சரிசெய்துகொள்ளும் என்று சும்மா இருந்துவிட முடியாது. மானே பரப்பும்போது காடு எப்படித் தடுக்கும்? கொண்டு வந்த மனிதன்தான் எடுக்கவும் வேண்டும்.

மலைக்காட்டில் உண்ணிச்செடி

சமவெளிக் காட்டுக்குச் சீமைக்கருவேலம் என்றால், மலைக்காட்டுக்கு உண்ணிச்செடி.

உண்ணிப்பூவைத் தெரியாத பிள்ளைகள் இல்லை. ஒரே கொத்தில் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று பல நிறம் காட்டும். பார்க்க மிக அழகு. அந்த அழகுதான் ஆபத்தாக முடிந்தது.

இதுவும் அமெரிக்கக் கண்டத்துச் செடிதான். 1800-க்குப் பிறகு சில ஆண்டுகளிலேயே, கல்கத்தாவில் உள்ள தாவரத் தோட்டத்துக்கு அழகுச்செடியாகக் கொண்டு வந்தார்கள். பூவுக்காக வளர்த்தார்கள். கறுப்பாகப் பழுக்கும் அதன் பழத்தைக் குருவிகள் தின்றன. பறந்துபோய் எச்சம் போட்டன. போட்ட இடம் எல்லாம் செடி!

இன்று எவ்வளவு இடத்தில் இருக்கிறது தெரியுமா?

இந்திய வனவிலங்கு ஆராய்ச்சியாளர்கள் 2020-ல் வெளியிட்ட கணக்கின்படி, நாட்டில் சுமார் ஒன்றரை லட்சம் சதுர கிலோமீட்டர் காட்டில் உண்ணிச்செடி இருக்கிறது. தமிழ்நாடு முழுவதன் பரப்பே சுமார் 1 லட்சத்து 30 ஆயிரம் சதுர கிலோமீட்டர்தான்! அதாவது, ஒரு தமிழ்நாட்டைவிடப் பெரிய இடத்தில் இந்தச் செடி கால் வைத்திருக்கிறது.

நீலகிரி மாவட்டம் முதுமலையை எடுத்துக்கொள்ளுங்கள். புலிக்குப் பேர்போன காடு. அங்கே புள்ளிமானும், காட்டெருமையும், யானையும் இருக்கின்றன. இவற்றில் புள்ளிமானுக்கும் காட்டெருமைக்கும் புல்தான் முக்கிய ஆகாரம். யானை மரக்கிளையும் பட்டையும் தின்னும். ஆனால், மழைக்காலத்தில் இளம்புல் என்றால் அதற்கு மிகவும் இஷ்டம்.

உண்ணிச்செடி ஆள் உயரத்துக்கும் மேலே புதராக வளரும். அதன் அடியில் வெயில் படாது. புல் மெலிந்துபோகும்.

செடியைத் தின்றால்? அதன் இலையில் விஷம் இருக்கிறது. உண்ணிச்செடியைத் தின்ற மாடுகளுக்கு ஈரல் கெடும். மஞ்சள்காமாலை வரும். வெயில் பட்ட தோல் புண்ணாகும். ஆகவே, காட்டு மிருகங்களில் பெரும்பாலானவை அதைத் தொடுவது இல்லை.

மிருகங்கள் தொடாத செடி வளர்ந்துகொண்டே போகிறது. மிருகங்கள் தின்னும் புல் குறைந்துகொண்டே போகிறது. இருக்கிற கொஞ்சம் புல்லுக்கு எல்லா வாயும் போட்டி!

யானை ஏன் வயலுக்கு வருகிறது?

ஒரு பெரிய யானைக்கு ஒரு நாளைக்கு சுமார் 150 கிலோ தீனி வேண்டும்.

காட்டுக்குள் கிடைத்தால் அது ஏன் வெளியே வரப்போகிறது? யானை ஊருக்குள் வருவதற்குப் பல காரணங்கள் உண்டு. அது போகும் பாதையை அடைத்துக் கட்டடம் கட்டுகிறோம். கரும்பும் வாழையும் அதற்கு ருசியாக இருக்கின்றன. காட்டுக்குள் தீனி குறைந்துபோனதும் ஒரு காரணம்.

அது மட்டும் அல்ல. உண்ணிப்புதர் அடர்ந்த இடத்தில் பத்தடி தூரத்தில் யானை நின்றாலும் தெரியாது. விறகு பொறுக்கப் போனவர், பாதையில் நடந்து போனவர் திடீர் என்று எதிரே முட்டிக்கொள்வார்கள். யானையும் மிரளும். மனிதனும் மிரளுவான். முடிவு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியது இல்லை.

கோடைகாலத்தில் இன்னொரு தொல்லை. காய்ந்த உண்ணிப்புதர் எளிதில் தீப்பிடிக்கும். தரையில் ஓட வேண்டிய தீ, புதரில் ஏறி மரத்தைத் தொட்டுவிடும்.

மான் குறைந்தால் புலிக்கும் ஆபத்து. புலி புல் தின்னாது. ஆனால், புல் தின்னும் மானைத்தானே அது தின்கிறது?

நெசவாளர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். காட்டுக்குப் புல்தான் பாவு. மானும், யானையும், புலியும் அதில் ஓடும் ஊடை. பாவு அறுந்துபோனால் ஊடை எதில் ஓடும்?

மஞ்சள் பூவைக் கண்டு மயங்காதீர்!

முதுமலைக்கும் அடுத்துள்ள வயநாட்டுக்கும் புதிதாக வந்த எதிரி ஒன்றும் உண்டு. அது ஒரு வகைக் கொன்றை. மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் குலுங்கும். ஆனால், நம் சரக்கொன்றை அல்ல. இதுவும் அமெரிக்காவில் இருந்து வந்ததுதான்.

அழகுக்காகவும் நிழலுக்காகவும் வைத்தார்கள். இன்று காட்டுக்குள் ஆயிரக்கணக்கில் நிற்கிறது. அடியில் புல் இல்லை. வெட்டினால் கொத்தாகத் துளிர்க்கிறது.

சீமைக்கருவேலத்தை விறகுக்காகக் கொண்டு வந்தோம். உண்ணிச்செடியைப் பூவுக்காகக் கொண்டு வந்தோம். கொன்றையை நிழலுக்காக வைத்தோம். ஒவ்வொன்றும் நல்லது என்று எண்ணிச் செய்ததுதான். காட்டில் வாழும் வாயில்லா ஜீவனைத்தான் யாரும் நினைக்கவில்லை.

ஒரு முறை ஜெயித்தோம்!

"இனி என்ன செய்ய முடியும்? எல்லாம் கைமீறிப் போய்விட்டதே!" என்று சோர்ந்துபோக வேண்டாம்.

இப்படி வந்த ஒரு செடியை நம் நாட்டில் ஒரு முறை அடக்கி இருக்கிறார்கள். அந்தக் கதை சாயத்தில் தொடங்குகிறது!

கொச்சினீல் என்று ஒரு பூச்சி. மிகச் சிறியது. சப்பாத்திக்கள்ளியில் ஒட்டிக்கொண்டு அதன் சாற்றைக் குடித்து வாழும். அதைக் காயவைத்து அரைத்தால் அருமையான சிவப்புச் சாயம் கிடைக்கும். பட்டுக்கும் கம்பளிக்கும் ஏற்ற சாயம். அந்தக் காலத்தில் அதற்கு ஏகப்பட்ட விலை.

சுமார் 235 ஆண்டுகளுக்கு முன்பு, ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்து டாக்டர் சென்னையில் இருந்தார். இந்தச் சாயத்தை இங்கேயே தயாரிக்க அவர் ஆசைப்பட்டார். அதற்காகச் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போட்டார்.

1795-ல் பிரேசில் நாட்டில் இருந்து பூச்சியும் இந்தியாவுக்கு வந்தது. ஆனால், வந்தது மட்டமான வேறு இனம். நல்ல சாயம் கிடைக்கவில்லை. வியாபாரம் படுத்துவிட்டது.

கள்ளி மட்டும் படுக்கவில்லை! கடல் கடந்து வந்த கள்ளி வகைகள் ஊர் ஊராகப் பரவின. வயலை அடைத்தன. மேய்ச்சல் நிலத்தை அடைத்தன. வெட்டிப்போட்டால், துண்டு விழுந்த இடத்தில் எல்லாம் முளைத்தன.

கடைசியில் எதனால் அடங்கியது தெரியுமா? பூச்சியால்தான்!

1926-ம் ஆண்டு, கொச்சினீல் பூச்சியில் வேறு ஓர் இனத்தை இலங்கையில் இருந்து தென்னிந்தியாவுக்குக் கொண்டு வந்தார்கள். அது சாயத்துக்காக அல்ல, கள்ளியை ஒழிப்பதற்காக! பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளை வெள்ளையாகப் பூச்சிகள் கள்ளியை மூடின. சாற்றை உறிஞ்சின. சில ஆண்டுகளுக்குள், அடர்ந்த கள்ளிக்காடுகள் வாடி விழுந்தன.

அப்படியானால், சீமைக்கருவேலத்துக்கும் ஒரு பூச்சியை விடலாமே?

அதில் எச்சரிக்கை வேண்டும். கொண்டு வரும் பூச்சி நம் பயிரையும் தின்றுவிட்டால் என்ன செய்வது? கடல் கடந்து வந்த செடியால் பட்ட பாடு போதாதா? நன்றாகச் சோதித்துப் பார்க்காமல் எதையும் விடக்கூடாது. சப்பாத்திக்கள்ளி கற்பிக்கும் பாடம் இதுதான்: மனம் வைத்தால் முடியும். ஆனால், ஒவ்வொரு செடிக்கும் அதற்குத் தகுந்த வழி வேண்டும்.

வேரோடு தலைகீழாக!

உண்ணிச்செடிக்கு ஒரு வழி கண்டவர், டெல்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர்.பாபு. அவரும் அவருடைய குழுவினரும் கண்ட முறை மிக எளிது.

செடியை மேலே வெட்டினால் துளிர்க்கும். பிடுங்கினால் மண் கிளறி, புதைந்து கிடக்கும் விதைகள் முளைக்கும். ஆகவே, தரைக்குக் கீழே 3 முதல் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் ஆணிவேரை வெட்ட வேண்டும். புதரைத் தூக்கித் தலைகீழாக வைத்துவிட வேண்டும். வேர் வானத்தைப் பார்த்துக் காயும். மறுபடி துளிர்க்காது.

பிறகுதான் முக்கியமான வேலை. குருவிகள் உட்காரும் மரங்களின் அடியில் புதுக்கன்று முளைத்திருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துப் பிடுங்க வேண்டும். காலியான இடத்தில் உடனே நம் நாட்டுப் புல்லை வளர்க்க வேண்டும். சும்மா விட்டால் பழைய செடியே திரும்பி வந்துவிடும்!

தமிழ்நாடு அரசாங்கமும் 2022-ல் இதற்காகத் தனிக் கொள்கை வகுத்தது. அயல்நாட்டுச் செடிகளை அகற்ற வேண்டும், அகற்றிய இடத்தில் இயற்கைக் காட்டை மீட்க வேண்டும் என்பது அதன் நோக்கம். முதுமலையில் வெட்டிய மஞ்சள் கொன்றை மரங்கள், கரூர் மாவட்டம் புகளூரில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலைக்குப் போயின. மானுக்குக் கெடுதல் செய்த மரம், மனிதனுக்குக் காகிதமாகிறது!

கூடலூர் பக்கத்தில் நடப்பது இன்னும் வேடிக்கை. பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோலிகர் ஆகிய ஆதிவாசி மக்கள், உண்ணிக் குச்சிகளை வளைத்துப் பெரிய பெரிய யானைப் பொம்மைகள் செய்தார்கள். உயிருள்ள யானையின் அளவே இருக்கும்! அந்த யானைக் கூட்டம் 2021-ல் லண்டன் பூங்காக்களில் நின்றது. 2024-ல் அமெரிக்காவுக்கும் போனது.

அமெரிக்காவில் பிறந்த செடி, நீலகிரியில் யானையாகி, மறுபடி அமெரிக்காவுக்கே போய்விட்டது!

காஞ்சீபுரத்தில் நாம் செய்யக்கூடியது

"காடு எங்கேயோ இருக்கிறது. நாம் என்ன செய்ய முடியும்?" என்று கேட்காதீர்கள். இந்தச் செடிகள் எல்லாம் ஊரில் இருந்துதான் காட்டுக்குப் போயின. தோட்டத்தில் இருந்தும் வேலியில் இருந்தும்தான் போயின.

வீட்டுக்கு அழகுச்செடி வாங்கும்போது, அது எந்த நாட்டுச் செடி, தானாகப் பரவக்கூடியதா என்று கேட்டு வாங்குங்கள். வேலிக்கு உண்ணிச்செடியும் வேலிக்காத்தானும் வைக்க வேண்டாம். கிளுவை இருக்கிறது. நொச்சி இருக்கிறது. இவை நம் பாட்டன் காலத்து வேலிகள்.

மஞ்சள் பூ வேண்டுமா? சரக்கொன்றை வையுங்கள். சித்திரை மாதம் பொன் மாரி பொழியும்.

ஆடு மாடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வேலிக்காத்தான் காயில் சத்து உண்டு. ஆனால், முழுக் காயாகத் தின்றால் விதை சாணத்தோடு போய் எங்கும் முளைக்கும். விதையோடு சேர்த்து மாவாக அரைத்து, மற்றத் தீவனத்தோடு அளவாகக் கொடுத்தால் முளைக்காது. வேறு தீனி இல்லாமல் காயையே மாதக்கணக்கில் தின்னும் மாட்டுக்குத் தாடை நரம்பு கெட்டு, மெல்ல முடியாமல் போகும். எச்சரிக்கை!

ஏரியில் வேலிக்காத்தானை வெட்டும்போதும் யோசித்து வெட்ட வேண்டும். சில ஏரிகளில் அதன்மேல் நாரையும் கொக்கும் கூடு கட்டி இருக்கும். அதை நம்பி விறகு வெட்டிப் பிழைப்பவர்களும் இருப்பார்கள். கூட்டில் குஞ்சு இருக்கும் காலத்தில் கை வைக்கக்கூடாது. வெட்டும் வேலையை விறகு வெட்டுவோருக்கே கூலி கொடுத்துத் தரலாம். கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, அந்த இடத்தில் கருவேலமும், நீர்மருதும், கடம்பும் நட்டு வளர்க்கலாம்.

எடுத்துவிட்டு மறந்துவிட்டால் பயன் இல்லை. இரண்டு மழைக்காலத்தில் பழைய காடு திரும்பிவிடும். ஆண்டுதோறும் பார்த்துக் கன்றைப் பிடுங்க வேண்டும். களை எடுப்பது ஒரு நாள் வேலை அல்ல என்பது உழவனுக்குத் தெரியும். காட்டுக்கும் அதே சட்டம்தான்.

புல் என்றால் அற்பம் என்று நாம் நினைக்கிறோம். "புல்லுக்குச் சமம்" என்று ஏசுகிறோம். ஆனால், புல் இல்லை என்றால் மான் இல்லை, காட்டெருமை இல்லை, புலியும் இல்லை.

"புல்வாய்" என்று பெயர் வைத்தார்கள் நம் முன்னோர்கள். அந்த வாய்க்குப் புல் கிடைக்கச் செய்வது நம் கையில் இருக்கிறது. இல்லாவிட்டால், நம் பேரப்பிள்ளைகளுக்கு மான் என்றால் சரிகைக் கரையில் உள்ள மான் மட்டும்தான் தெரியும்!